போர்பனுக்கு மார்க் போட்ட மூக்கு

என் வீட்டுக்காரருக்கு ஈரல் போய்விட்டது. குடித்துத்தான் போனது. பக்கத்தில் உட்கார்ந்து, எந்தப் பாட்டில் நல்ல பாட்டில் என்று முகர்ந்து பார்த்து மார்க் போட்டவள் நான். ஒரு சொட்டு என் நாக்கில் பட்டதில்லை என்று இப்போதும் சொல்லிக்கொள்ளலாம். சொல்லி என்ன ஆகப்போகிறது?

கொடைக்கானலில் ஒரு பெரிய ஓட்டலின் பாரில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர் அவர். வேலையில் இருந்தவரை தொட்டதில்லை, அது சத்தியம். ரிட்டயர் ஆன மாதமே கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி ஒன்றைக் கொண்டுவந்து முன்னறையில் நிறுத்தினார். "முப்பது வருசம் ஊரான் கிளாசுக்கு ஊத்தியாச்சு. இனி நம்ம வீட்டுல நமக்குன்னு ஒரு பாரு" என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஊரில் மனுஷன் ரிட்டயர் ஆனால் ரோஜாச்செடி வைக்கிறான், கோயில் கமிட்டியில் சேர்கிறான். இவருக்கு பார்!

அந்த அலமாரிக்கு அவர் போர்பன் தேடினார். அதுவரை எனக்கு போர்பன் என்றால் சாக்லேட் கிரீம் வைத்த பிஸ்கட்தான். இது அமெரிக்காக்காரன் விஸ்கியாம். மக்காச்சோளத்தில் காய்ச்சி, உள்பக்கம் கருக்கிய புது மரப்பீப்பாயில் வருஷக்கணக்கில் கிடக்க விடுவார்களாம். கையைக் கடிக்காத விலையில், விருந்தாளிக்கு ஊற்றினால் வெட்கப்படாத மாதிரி ஒரு பாட்டில் வேண்டும் என்றார். யாருங்க விருந்தாளி, இந்தக் குளிரில் ஏறி வருகிற அந்த மகராசன் யார் என்று கேட்டேன். அலமாரிக் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

தேர்ந்தெடுக்க அவருக்கு மூக்கும் கிடையாது. மலைக்குளிரிலேயே கிடந்து எப்போதும் அடைத்துத்தான் இருக்கும். அதனால் என்னைப் பிடித்துக்கொண்டார்.

நான் பழனி அடிவாரத்தில் பிறந்தவள். அப்பாவுக்குப் பஞ்சாமிர்தக் கடை. மலைவாழைப்பழமும் சர்க்கரையும் ஏலக்காயும் நெய்யும் மணக்க மணக்க வளர்ந்தேன். ஒரு பழம் கூடுதலாகக் கனிந்து உள்ளே விழுந்திருந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். "இந்த டின்னு நாலு நாள்ல பொங்கிரும்ப்பா" என்பேன். பொங்கிவிடும். சின்ன வயதிலேயே அப்படி ஒரு பேர் எனக்கு. அந்தப் பெருமை வேறு.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மூன்று கிளாஸ்களில் மூன்று வேறு பாட்டில்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் ஊற்றி, மேலே காப்பித் தட்டால் மூடி வைப்பார். எது எந்தப் பாட்டில் என்று எனக்குச் சொல்லமாட்டார். கிளாஸை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு என் முன்னால் நீட்டுவார். முதல் நாள் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். தலைப்பை எடுத்தவுடன் திக்கென்றது. கருகிய வெல்லம், கனிந்த வாழைப்பழம், பட்டை. எங்கள் கடைதான்!

"இது நகப்பாலிஷ் நாத்தம். தூக்கிப் போடுங்க" என்றேன் இரண்டாவதை. மூன்றாவதில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை. முதலாவதுக்கு எட்டு மார்க். அவர் ஒரு வாய் குடித்து, கண்ணை மூடித் திறந்து, கிளாஸின் அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தார். மூன்றிலும் விலை குறைந்தது அதுதான். மனுஷனுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கணுமே! "பழனியாண்டவர் பிரசாதத்தை மோந்த மூக்குடி இது, தப்பாது!" என்று என் மூக்கைப் பிடித்து ஆட்டினார். எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. முப்பது வருஷத்தில் ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் இருந்ததே இல்லை. இப்போது எதிரில் உட்கார்ந்து நான் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறார். அந்த ஆசையில்தான் மயங்கினேன். வேறென்ன சொல்ல.

ஞாயிறு போய் புதனும் சேர்ந்தது. பிறகு தினமும் மத்தியானம், வருஷக்கணக்கில். ஒரு தடவை கத்தினேன். "நான் என்ன குடிகாரனா? டேஸ்ட் பாக்குறவன்" என்றார். நானும் நம்பினேன். குடிகாரன் பெண்டாட்டி அழுவாள், அடி வாங்குவாள். நான் மார்க் போட்டுக்கொண்டிருந்தேனே, எப்படித் தோன்றும்? அடக்கடவுளே, எவ்வளவு வசதியாக நம்பினேன்.

போன மழைக்காலத்தில் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வயிறு உப்பியது. கேஸ் என்றார். பகலெல்லாம் தூங்கினார். சாவியை எங்கே வைத்தேன் என்று கையில் சாவியோடு தேடினார். வயசாகிறது என்று நினைத்தேன்.

ஒருநாள் காலை காப்பி கொடுக்கக் குனிந்தபோது அவர் மூச்சு என் முகத்தில் பட்டது. தித்திப்பான வாடை. வாழைப்பழம் மாதிரி, அடியில் லேசாகப் பூஞ்சை பிடித்த மாதிரி. "அடேயப்பா! நேத்துக் குடிச்சது விடிஞ்சும் நிக்குதே. இது உசத்தி சரக்குங்க, ஒம்பது மார்க்கு" என்றேன். ஆமாம், வாயாரச் சொன்னேன்.

அவர் குழம்பிப்போய்ப் பார்த்தார். "நான் தொட்டு நாலு நாளாச்சே புள்ள. வயித்துக்கு ஒத்துக்கலன்னு விட்டுட்டேனே."

"பொய் சொல்லாதீங்க. என் மூக்கு கிட்டயேவா?"

"பழனியாண்டவர் மேல சத்தியமா."

"சாமி பேர வேற இழுக்காதீங்க" என்று டம்ளரை ணங்கென்று வைத்துவிட்டுப் போனேன். கட்டின புருஷன் சாமி மேல் சத்தியம் செய்கிறார். அவரை நம்பவில்லை, என் மூக்கை நம்பினேன். திருட்டுத்தனமாகக் குடிக்கிறார் என்று இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வாடை தினமும் வந்தது. வரவர எனக்குக் கோபம்தான் ஏறியது.

பதினைந்தாம் நாள் அவர் கண் மஞ்சளாகிவிட்டது. கார் வைத்து வத்தலக்குண்டு வழியாக மதுரைக்கு இறக்கினோம். ஆஸ்பத்திரியில் என் மகள் வயசில் ஒரு டாக்டரம்மா. என் வீட்டுக்காரர் பக்கம் குனிந்தவுடனே அந்தம்மா முகம் மாறியது. என்னை வெளியே அழைத்துப் போனார்.

"மூச்சுல இந்த வாடை எத்தனை நாளா இருக்கும்மா?"

"பதினஞ்சு நாளு."

"தெரிஞ்சுமா வீட்டுலயே வச்சிருந்தீங்க?"

ஈரல் வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் தங்குகிற நஞ்சு மூச்சில் அப்படித்தான் தித்திப்பாக வருமாம். என்ன பதில் சொல்ல? நான் அதற்கு ஒன்பது மார்க் போட்டேன் என்றா? "முன்னாடியே வந்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர் மீதியைச் சொல்லாமல் என் கையைத் தட்டிக் கொடுத்தார். அந்த மீதி என்ன என்று நானே தினம் ஒரு விதமாகச் சொல்லிப் பார்க்கிறேன். ஒன்றிலும் ஆறுதல் இல்லை.

மாற்று ஈரல் வைக்க அவர் இதயம் தாங்காதாம். "வீட்டுலயே வச்சுப் பாத்துக்குங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும். அவருக்குச் சொல்லவில்லை. அலமாரியில் இருந்ததையெல்லாம் சமையலறைத் தொட்டியில் கவிழ்த்தேன். வீடே ரெண்டு நாள் மணத்தது.

இப்போது முன்னறையில் வெயில் விழுகிற பக்கம் கட்டில். மூச்சு வாடை ஈரலால்தான் என்று மட்டும் அவருக்கும் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். காலையில் வெள்ளனே கூப்பிடுகிறார். "இந்தா, கிட்ட வா. மோந்து பாத்துச் சொல்லு. டாக்டருக்கு மிசின் வேணும், எனக்கு நீ போதும். வாடை கொறஞ்சிருக்கா, கூடியிருக்கா?" அவர் ஆசை ஆசையாக வாங்கி வந்த பாட்டிலுக்குக்கூட நான் மூன்று மார்க் போட்டு மூஞ்சியைத் தொங்க வைத்திருக்கிறேன். அவர் மனம் குளிரட்டும் என்று ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. அதனால் கேட்கிறார்.

முதல் சில நாள் உண்மையாகவே பார்த்தேன். ஒவ்வொரு நாளும் கூடித்தான் இருந்தது. கொறஞ்சிருக்கு என்றேன். அவர் உடனே தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு வாய் கஞ்சி கூடுதலாகக் குடித்தார்.

"அப்ப தைப்பூசத்துக்குள்ள எந்திரிச்சிருவேன்ல?"

"எந்திரிச்சிருவீங்க."

இன்று காலையும் கூப்பிட்டார். போனேன். குனிந்தேன், நிமிர்ந்தேன். "ரொம்பக் கொறஞ்சிருச்சுங்க, நேத்தைக்கு இன்னைக்குப் பாதிகூட இல்ல" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமே இல்லை.

"நீ மூச்சே இழுக்கலையே புள்ள" என்றார்.