கழுவிக் கொண்டுபோன காது

நாய்க்குக் காப்பீடு எடுத்திருக்கிறேன் என்றதும் அம்மா கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"இம்புட்டு வருசமா பட்டாசு கம்பெனியில கெடக்கேன், எனக்கு எடுத்தியாலே?"

"ஒனக்குத்தாம்மா மொதல்ல எடுத்தேன். கையெழுத்துப் போட்டியே."

"அந்தக் கையெழுத்து இதுக்குத்தானா?"

எங்கள் வீட்டில் படிவங்களைப் படிக்கிற முதல் ஆள் நான். எதையும் கடைசி வரி வரை படித்துவிடுவேன். நாயின் காதைச் சுத்தம் செய்யும் செலவுக்குக் காப்பீடு கிடையாது. தொற்று என்று மருத்துவர் சோதித்து எழுதித் தந்தால் உண்டு. எங்கள் லாப்ரடார் தலையை உதறி உதறி அழுதபோது, அதன் காதில் புளித்த வாடை வந்தபோது, நான் கலங்கவில்லை. வாரக்கணக்கில் மருந்து ஊற்ற வேண்டியிருக்கும். என் அச்சக வேலைச் சம்பளத்தில் அது முடியாது. ஆனாலும் காப்பீடு கிடைத்துவிடும் என்று உறுதியாக இருந்தேன்.

விருதுநகர் மருத்துவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். பஞ்சுக் குச்சியில் சோப்புத் தண்ணீர்தான் வந்தது.

"காதைக் கழுவுனீங்களா?"

"கழுவாமயா சார் ஆசுபத்திரிக்குக் கூட்டியாருவாக?" என்றாள் அம்மா. "பவுடர்கூடப் போட்டேன்."

நான் வேலைக்கு முழுக்கைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போவதும் அவளிடம் கற்றதுதான். என்னால் கோபப்பட முடியவில்லை.

உள்ளே சிவந்திருக்கிறது, ஆனால் சோதிக்க எதுவும் இல்லாமல் தொற்று என்று எழுத முடியாது என்றார் மருத்துவர். வலிக்கு மாத்திரை கொடுத்து, இரண்டு நாள் காதைத் தொடாமல் கொண்டுவரச் சொன்னார்.

அந்த இரண்டு நாளும் அம்மா பட்ட பாடு நாய்கூடப் படவில்லை. பட்டாசு ஆலையிலிருந்து வந்ததும் ஈரத்துணியை எடுப்பாள், என்னைப் பார்ப்பாள், வைத்துவிடுவாள். பக்கத்து வீட்டு அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன மதினி, நாயக் குளிப்பாட்டுறதே இல்லையா?" என்று கேட்டதும் துணியைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மூன்றாம் நாள் பஞ்சு பழுப்பாக வந்தது. மருத்துவர் அதை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, தொற்று என்று எழுதினார். காப்பீட்டு நிறுவனம் காதின் புகைப்படமும் கேட்டிருந்தது.

"இந்த அழுக்குக் காதையா மெட்ராசுக்கு அனுப்பப் போறே?"

"இதத்தாம்மா கேக்காக."

நான் படமெடுக்க, அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, இரண்டு விரலால் காதை விரித்துப் பிடித்தாள்.

அடுத்த வாரம், செலவை ஏற்றுக்கொண்டோம் என்று நிறுவனத்திலிருந்து செய்தி வந்தது. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன்.

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"எதப் பத்தி?"

"நாய வச்சிருக்குற லெச்சணத்தப் பத்தி."

"இல்லம்மா. சீக்கிரம் குணமாகட்டும்னு எழுதியிருக்காக."

அதை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள்.