இணைச்சீருக்கு நான் உட்காராத கல்யாணம்

போன கோடையில் சென்னையில் மகள் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "ஊர்வலம் இருக்கும்மா, வர்றியா?" என்றாள். எனக்குத் தெரிந்தது சாமி ஊர்வலமும் கட்சி ஊர்வலமும்தான். போய் நின்றால் இது வேறு. ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள், திருநங்கைகள், பெற்றவர்கள் என்று எள் போட்டால் எள் விழாத கூட்டம். வானவில் கொடிகளுக்கு நடுவே முழங்கால் வலியோடு, மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்க் கீற்றைக் கடித்துக்கொண்டு நானும் நடந்தேன். கன்னத்தில் வண்ணம் பூசிய ஒரு பெண், "நீங்க யாருக்காக வந்திருக்கீங்க ஆன்ட்டி?" என்றாள். "சும்மா, பொண்ணு கூப்பிட்டா" என்றேன். அந்த நேரம் பார்த்து, முன்னால் பாட்டுப் பெட்டி ஏற்றிப்போன லாரி உறுமிப் புகை கக்கியது. டீசல் வாசம் மூக்கில் ஏறியதும் நான் சொன்னது பொய் என்று எனக்கே தெரிந்துவிட்டது.

டீசலும் ஈரமண்ணும் கலந்தால் அது என் அண்ணனின் சட்டை வாசம். மல்லசமுத்திரத்தில் எங்கள் வீடு. எழுபதுகளின் கடைசியில் அவன் ரிக் வண்டி வேலைக்குப் போனான். ஆழ்துளைக் கிணறு போடுகிற அந்த லாரியோடு வடக்கே போனால், மழை பிடித்தால்தான் ஊர் திரும்புவார்கள். அதே வண்டியில் சேந்தமங்கலத்து முருகேசனும் இருந்தான். சுருட்டைமுடிக்காரன், சிரித்தால் கண் காணாமல் போய்விடும். "கண்ட எடத்துல திங்கறப்பத் தெம்பா இருக்கறான், ஊட்டுச் சோறு உண்டா எளச்சுப் போயர்றான்" என்று அம்மா புலம்புவாள். காரணம் எனக்கும் தெரியாது. பதினாறு வயதில் எனக்குக் கணக்குப் பாடமே ஏறவில்லை, இது எங்கே ஏறப்போகிறது!

எண்பதுகள் பிறந்ததும் அண்ணனுக்குப் பெண் பார்த்து முடித்தார்கள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தான். யார் கேட்டார்கள்? கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் என்னைக் கிணற்று மேட்டுக்குக் கூப்பிட்டான்.

"முருகேசன உட்டுட்டு என்னால இருக்க முடியாது சாமி. பொம்பளையோட குடும்பம் பண்ற ஆளு நானில்ல. அந்தப் புள்ள பொழப்பும் பாழாப் போயிரும்."

"அப்பங்கிட்டச் சொல்லீருங்ணா."

"சொன்னா வெட்டிப் போடுவாரு."

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாலிக்கு முன்னால் இணைச்சீர் உண்டு. மாப்பிள்ளையின் தங்கை பட்டுடுத்தி அவனோடு உட்கார்ந்து அந்தச் சீரைச் செய்ய வேண்டும். அது இல்லாமல் தாலி ஏறாது. அண்ணன் அதைத்தான் பிடித்துக்கொண்டான். "நீ ஊட்டுக்குத் தூரம்னு சொல்லிப்போடு. உன்ன உட்டா எனக்குக் கூடப்பொறந்தவ ஆரு? கல்யாணத்தத் தள்ளி வெப்பாங்க. அப்பறம் பேசி முறிச்சுக்கலாம். மணவறையில உட்டுட்டு ஓடுனா அந்தப் புள்ள பேரு கெட்டுப்போயிரும்" என்றான். எனக்கு அழுகை வந்தது.

விடிகாலையில் அம்மாவிடம் சொன்னேன். "இன்னிக்கின்னு பாத்தா வரோணும் உனக்கு?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவ்வளவுதான், எங்கள் யோசனை பலித்தது என்று நினைத்தேன். அவளோ மூச்சு விடுவதற்குள், "செரி, நீ கட்டுத்தறிப் பக்கம் போயி உக்காரு. சித்தப்பன் மவ இருக்கறாளே, அவளும் தங்கச்சிதான்" என்றாள். எனக்கு எடுத்த பட்டை அவளுக்குக் கட்டினார்கள். பங்காளி வீட்டுப் பெண்கள் எல்லோரும் அவனுக்குத் தங்கைதான் என்பது ஊருக்கே தெரியும். அண்ணனுக்கும் எனக்கும்தான் அன்றைக்கு மறந்துபோயிற்று.

கட்டுத்தறிக் கொட்டகையில் மாடுகளோடு நான் உட்கார்ந்திருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் ரிக் வண்டி நின்றது. புதுச்சட்டை போட்டுக்கொண்டு முருகேசன் அதில் சாய்ந்திருந்தான்.

"உள்ள போவுலீங்களா அம்மிணி?"

"நான் போவக் கூடாதுங்க. நீங்க போலாமுங்களே?"

"எப்படிங்க போறது?" என்றான். சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

கெட்டிமேளம் கேட்டது. அவன் ஏறி வண்டியைக் கிளப்பினான். புகை கட்டுத்தறிக்குள் வந்து நின்றது. அதற்கப்புறம் வேறு யார் வண்டியிலோ வடக்கே போனான் என்றார்கள். திரும்பவே இல்லை.

அண்ணன் ரிக்கை விட்டுக் கோழிப்பண்ணை போட்டான். பிள்ளைகள் பிறந்தார்கள். அண்ணி அவனைப் பற்றிக் குறை சொன்னதில்லை, நிறைவாகவும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது அம்மா இல்லை, அப்பா இல்லை, கட்டுத்தறி இருந்த இடத்தில் கார் நிற்கிறது. வெட்டிப் போட ஆளில்லாத காலம் வந்தபோது அண்ணனுக்கு எழுபது நெருங்கிவிட்டது.

மகளின் போனை வாங்கி அவனை முகம் பார்த்துப் பேசக் கூப்பிட்டேன். இது இன்னாருடைய ஊர்வலம் என்று சொல்லி, போனைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிக் காட்டினேன். போனுக்குள்ளிருந்து அண்ணன் கேட்டான்.

"வயசானவங்க ஆராச்சும் நடக்கறாங்களா?"

எட்டிய மட்டும் பார்த்தேன். பெற்றவர்களை விட்டால் எல்லாம் இளசுகள். "இல்லீங்ணா."

"நல்லாப் பாரு சாமி. சுருட்டமுடி. இப்ப நரச்சிருக்கும்."

லாரி திருப்பத்தில் மறைகிறவரை போனைத் தூக்கிப் பிடித்தபடியே நடந்தேன்.