முட்டையைக் கண்டாலே வாயை மூடிக்குவா

மூணு வருஷத்துக்கு முந்தி, ஒரு ஆடி மாசம். நாமக்கல்லை ஒட்டி எங்களுக்குக் கோழிப்பண்ணை. ஊருக்கெல்லாம் முட்டை அனுப்பற வீட்டுல, என் நாலு வயசு மக மட்டும் முட்டையைக் கண்டாலே வாயை இறுக்கி மூடிக்குவா. பாலும் ஆகாது, பருப்பும் ஆகாது. ரசஞ்சோறு போட்டா தட்டு காலி. சொந்தக்காரங்க சிரிப்பாங்க, எனக்கு மானம் போகும். மடியில போட்டு ஊட்டினாலும் பாதியைத் துப்பிடுவா.

அந்த வாரம் அவளுக்குக் காய்ச்சல். ரெண்டு நாளா சரியாச் சாப்பிடலை. காய்ச்சல் விட்டதும், தெம்பு வரட்டுமேன்னு ரெண்டு முட்டையைப் பாலுல அடிச்சு, மூக்கைப் பிடிச்சு முழுசாக் குடிக்க வச்சுட்டேன். ஜெயிச்சுட்டதா வேற நினைப்பு. மத்தியானத்துக்குள்ள வாந்தி, அப்புறம் உளறல். "சாமி, அம்மாவைப் பாரு"ன்னு நான் கூப்பிட்டா, யாரோ எவரோன்னு என்னைப் பார்த்தா. கொஞ்ச நேரத்துல எழுப்பினாலும் எந்திரிக்கலை.

பக்கத்து ஆஸ்பத்திரியில மூளைக்காய்ச்சலா இருக்கும்னு சேலத்துக்கு அனுப்பிட்டாங்க. அங்க ஒரு டாக்டரம்மா எல்லாம் விசாரிச்சுட்டு, "பாப்பா எதைச் சாப்பிட மாட்டா?"ன்னாங்க. எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துடுச்சு.

"ஏனுங்க, புள்ள கண்ணே தொறக்கல, இப்பப் போயி சோத்தைக் கேக்கறீங்களே!"

அவங்க அசரலை. "சொல்லுங்கம்மா" அவ்வளவுதான். சொன்னேன். காலையில குடிக்க வச்சதையும் சொன்னேன். சொந்தத்துல கல்யாணமான்னு கேட்டாங்க. ஆமாங்க, மாமன் மகன்தான்.

ரத்தம் எடுத்து, ஐஸ்ல வச்சு, கையோட கொண்டு ஓடினாங்க. அம்மோனியா எக்கச்சக்கமா ஏறியிருந்துச்சு. முட்டை, பால், பருப்புல இருக்கற புரதம் செரிச்ச பிறகு மிஞ்சற அந்தக் கழிவை வெளியேத்தற சக்தி அவ உடம்புக்குப் பிறவியிலேயே குறைவாம். காய்ச்சல், பட்டினி, அதுக்கு மேல முட்டை. எல்லாம் சேர்ந்து மூளையைத் தாக்கிடுச்சு. உடனே குளுக்கோஸும் மருந்தும் ஏத்தினாங்க. நான் வெளியில பெஞ்சுல உக்காந்து, மூக்கைப் பிடிச்ச விரலையே பார்த்துக்கிட்டிருந்தேன். அழுகை வரலை.

மூணாம் நாள் கண்ணைத் திறந்து, "ரசஞ்சோறு"ன்னா. அப்பத்தான் ஓன்னு அழுதேன்.

இப்ப ஏழு வயசு. தினமும் மருந்து, அளந்த சாப்பாடு, காய்ச்சல்னா உடனே ஆஸ்பத்திரி. பள்ளிக்கூடம் போறா, நல்லாப் படிக்கறா. பண்ணையில எப்பவும் போல முட்டை லாரி ஏறுது. பேசத் தெரியறதுக்கு முன்னாலேருந்தே அவ வாயை மூடிக் காட்டினதை, முன்பின் தெரியாத ஒரு டாக்டரம்மா ஒரே கேள்வியில கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாங்க. பெத்தவ நான் மூக்கைத்தான் பிடிச்சேன்.