ஜன்னலின் மேல் கதவு

பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் பத்மஜா முதல் காரியமாகப் பக்கத்து ஜன்னலின் ஷட்டரைத் தூக்கிக் கொக்கியில் மாட்டுவாள். இறுகிக் கிடந்தால் எழுந்து நின்று இரண்டு கையாலும் தள்ளுவாள். முன் சீட்டுக்காரர் திரும்பி முறைத்தால் மலையாளத்தில் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொள்வாளே தவிர, ஷட்டரை மட்டும் இறக்கமாட்டாள். பிறகு கைப்பையிலிருந்து சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அதில் மாறும் எண்ணைப் பார்த்தபடியே திருவனந்தபுரத்துத் தம்பானூர் பேருந்து நிலையம் வந்து சேருவாள்.

மனிதர்கள் விட்ட மூச்சு ஓர் இடத்தில் எவ்வளவு தேங்கி நிற்கிறது என்று காட்டும் கருவி அது. எண் ஏற ஏற, ஒருவர் விட்டதையே இன்னொருவர் இழுத்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். தொற்றுக் காலத்தில் மூடிய பள்ளிகளை மறுபடி திறப்பதற்கு விதிமுறை எழுதிய குழுவில் பத்மஜா புள்ளிவிவரம் பார்ப்பவள். பதினோரு மாத ஒப்பந்த வேலை. கழுத்தில் நீலக் கயிறு, அதில் அடையாள அட்டை. ஸ்ரீவராகத்து வீட்டில் அடுப்படியில் நிற்கும்போதுகூட அதைக் கழற்ற அவளுக்கு ஞாபகம் இருக்காது.

"அளந்தேளா?" என்ற கேள்வி அவள் வாயிலேயே குடியிருக்கிறது. சாம்பாரில் உப்பு தூக்கலாக இருக்கிறது என்று கணவர் மஹேஷ் சொன்னாலும் அதேதான் கேட்பாள். "நாக்கால அளந்தேன், போறுமா?" என்பார் அவர்.

பெஞ்சுகளில் மணிக்கொரு தரம் கிருமிநாசினி தெளித்தே ஆகவேண்டும் என்று குழுவில் ஒரு பெரிய டாக்டர் முழங்கிய நாளிலும், அவர் பேசி முடிக்கும்வரை சும்மா இருந்துவிட்டு, மலையாளத்தில் அதே கேள்வியைத்தான் போட்டாள். டாக்டர் அளக்கவில்லை. இவள் அளந்திருந்தாள். நாற்பது வகுப்பறைகளில், ஆசிரியர்களையே பிள்ளைகள் இடத்தில் உட்கார வைத்து, பேசச் சொல்லி, வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லி அளந்திருந்தாள். ஜன்னலைத் திறந்தால் எண் இறங்கியது. மருந்து தெளித்தால் மூக்கு எரிந்ததுதான் மிச்சம். அப்படித்தான், 'வகுப்பு முடியும்வரை எல்லா ஜன்னல்களும் திறந்திருக்க வேண்டும்' என்ற வரி விதிமுறையில் ஏறியது. அந்த ஒரு வரியின் மேல் அவளுக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது என்று சொல்லவேண்டும்.

கர்வத்தைத் தட்டிவிட்டவள் உலகம்மை. சாலைக் கடைத்தெருவை ஒட்டிய ஒரு பள்ளியில் பெருக்கித் துடைப்பவள், சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். மகள் பேச்சி அதே பள்ளியில்தான் நாலாம் வகுப்பு. பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது அங்கே போன பத்மஜா, தன் வரியை அவளிடம் வாசித்துக் காட்டினாள்.

"நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா மழ வந்தா எல்லாத்தையும் அடச்சிருவோம்லா. சாரல் அடிச்சு பிள்ளைய புஸ்தகமெல்லாம் நனஞ்சிரும்."

"அடைக்கப்படாதுன்னுதானே எழுதியிருக்கேன்."

"எழுதலாம். மழையில வந்து அளந்தீங்களா மேடம்?"

பத்மஜா மழையில் அளக்கவில்லை. கருவி நனைந்துவிடும், ஆசிரியர்கள் வரச் சிரமப்படுவார்கள் என்று மழை நாள் ஒவ்வொன்றையும் தள்ளி வைத்தவள் அவளேதான். ஐப்பசியில் திறக்கப்போகிற பள்ளிக்கு, அதுவும் திருவனந்தபுரத்தில், வெயில் நாளை மட்டும் அளந்து விதி எழுதியிருக்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

உலகம்மை அதோடு விடவில்லை. "இன்னொருக்க நோய் பரவி பள்ளிக்கூடத்த அடச்சாங்கன்னா பேச்சிய ஊருக்கே அனுப்பிருவேன் மேடம். ஒன்றர வருசமா அவள வீட்ல தனியா வச்சுப் பூட்டிட்டுத்தான் கடைகள்ல பெருக்கப் போனேன். இனிமே முடியாது. ஊருக்குப் போனா படிப்பு அவ்வளவுதான்."

அன்று மத்தியானமே பத்மஜா குழுவின் செயலாளர் சுஜித்தின் மேசை முன்னால் நின்றாள்.

"சேச்சி, டிராஃப்ட் ஃபைனல் ஆயாச்சு. இனி மழைக்கு வேண்டி மாத்தணோ?" என்றான் சுஜித். அவளிடம் தமிழ் பேசவேண்டும் என்று அவனுக்கு ஆசை.

"மாத்தணும் சுஜித். நான் எடுத்த அளவு தப்பு."

"ரின்யூவல் டிசம்பர்லயாக்கும். ஓர்மை உண்டல்லோ?" அவன் பயமுறுத்தவில்லை, அக்கறையாகத்தான் சொன்னான். தப்பு என்று தானே எழுதிக் கொடுப்பவளின் ஒப்பந்தத்தை யார் புதுப்பிப்பார்கள்?

"ஞாபகம் இருக்கு. எனக்கு மூணு நாள் வேணும்."

மூன்று நாளும் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. உலகம்மையின் பள்ளியில் பிள்ளைகள் இடத்தில் இருபத்திரண்டு பெரியவர்களை உட்கார வைத்தாள். எல்லா ஜன்னலும் திறந்திருந்தபோது ஓரத்துப் பெஞ்சுகள் சொட்டச் சொட்ட நனைந்தன. எல்லாவற்றையும் அடைத்தபோது அரை மணி நேரத்தில் எண் இரண்டாயிரத்து நானூற்றைத் தாண்டியது. இரண்டாம் நாள்தான் அவள் கண்ணில் பட்டது. அந்தப் பழைய கட்டிடத்தில் ஒவ்வொரு ஜன்னலுக்கும் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நாலு கதவுகள். சாரல் கீழ்ப் பாதியில்தான் அடித்தது. மேல் பாதி சன்ஷேடின் மறைவில் காய்ந்தே இருந்தது. கீழ்க் கதவுகளை மட்டும் அடைத்தாள். எண் தொள்ளாயிரத்தில் நின்றது; ஆயிரத்தைத் தாண்டாதவரை பயமில்லை. மூன்றாம் நாளும் விடாமல் அளந்தாள், அப்போதும் அங்கேயே நின்றது.

குழு கூடியதும், "முதலில் எழுதிய வரி என் தப்பு, மழையை விட்டுவிட்டேன்" என்று எழுந்து மலையாளத்தில் சொன்னாள். கிருமிநாசினி டாக்டர் இந்தச் சந்தர்ப்பத்துக்குத்தான் காத்திருந்தார் போல. "இப்போ அளந்தோ?" என்றார். பத்மஜா மூன்று நாள் கணக்கையும் அவர் முன்னால் நகர்த்தினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிப் பக்கம்வரை பார்த்தார், பிறகு தலையை ஆட்டினார். 'மழை பெய்தால் கீழ்க் கதவுகளை மட்டும் அடைக்கவும்' என்று வரி மாறியது. ஒப்பந்தத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

பள்ளி திறந்த நாலாம் நாள் பிற்பகல் மழை பிடித்தது. பத்மஜா குடையோடு உலகம்மையின் பள்ளிக்கு ஓடினாள். நாலாம் வகுப்பின் வெளிச்சுவரை ஒட்டி நின்றுகொண்டு பார்த்தாள். ஆஷா டீச்சர் ஒவ்வொரு ஜன்னலாக வந்து கீழ்க் கதவுகளை அடைத்தாள். மேல் கதவுகள் திறந்தே இருந்தன. முகக்கவசத்துக்கு மேலே பேச்சியின் கண்கள் கரும்பலகையில் இருந்தன.

கடைசி ஜன்னலில்தான் வம்பு. மேல் கதவு ஒன்றின் கொக்கி துருப்பிடித்து விழுந்திருந்தது. காற்றில் கதவு படார் படாரென்று அடித்துக்கொண்டது, பிள்ளைகள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். டீச்சர் கம்பிக்குள் கையை விட்டு அதை இழுத்துச் சாத்தப் போனாள். வெளியிலிருந்து பத்மஜா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு நிமிஷம் டீச்சர்."

இன்று இதைச் சாத்தினால் நாளைய மழைக்குப் பக்கத்து ஜன்னலும் சாத்தப்படும் என்பது அவளுக்குத் தெரியும். குடையைக் கீழே போட்டாள். கழுத்திலிருந்து நீலக் கயிற்றைக் கழற்றினாள். அட்டையை உருவிக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, மழையில் நனைந்தபடி எக்கி நின்று, கதவின் கைப்பிடியைச் சுவரில் கொக்கி மாட்டுகிற வளையத்தோடு சேர்த்து அந்தக் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள்.