அர்னேஸ் திராட்சைக்கு எந்தச் சாமி?

ஆரணியில் பட்டுச் சேலை வியாபாரம் பண்ணுகிறவர்கள் எத்தனையோ பேர். ஆனால் லோகநாதனைப் போல எதையும் ரெண்டாகப் பிரித்துப் பார்க்கிற ஆளை நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள். ஜரிகை என்றால் அசலா, போலியா. மனுஷன் என்றால் வேண்டியவனா, வேண்டாதவனா. நடுவில் ஏதாவது ஒன்று வந்து நின்றுவிட்டால் போச்சு, அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. நல்ல மனுஷன்தான், குறை சொல்ல முடியாது. குழப்பம் முற்றினால் மட்டும் வாயில் சட்டென்று ஒரு பொய் வந்துவிடும்.

அப்படி வந்த பொய்தான் அந்த ஆப்பிள் தோட்டம். 2004-இல் ஒரே மகள் ஜெயப்ரியாவை ஜெயக்குமாருக்குக் கட்டிக் கொடுத்தார். போளூர்ப் பையன், அப்பா அம்மா இல்லாத பிள்ளை, விவசாயம் படித்துவிட்டு ஆஸ்திரேலியாவில் ஒயின் திராட்சைத் தோட்டத்தில் வேலை. கல்யாணப் பந்தியில் யாரோ ஒருத்தர், "மாப்பிள்ளைக்கு இன்னா வேலை?" என்று கேட்டார். ஒயின் என்ற வார்த்தை லோகநாதனுக்குத் தொண்டையிலேயே நின்றுவிட்டது. "ஆப்பிள் தோட்டத்துல மேனேஜர்" என்று அடித்துவிட்டார். தெரு மொத்தமும் நாலு வருஷமாக அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தது.

2008 ஆடியில் மகளும் மருமகனும் வந்து இறங்கினார்கள். பெட்டியைத் திறந்து, துணிகளுக்கு நடுவிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தான் ஜெயக்குமார். ரெண்டு கையாலும் மாமனாரிடம் நீட்டினான்.

"மாமா, கல்யாணம் ஆன வருஷம் குத்தகைக்கு நிலம் எடுத்து நானே நட்ட கொடி. இது மொதல் வெள்ளாமை. புதுத் தறியில அறுக்கற மொதல் சேலைய நீங்க சாமி கால்ல வெச்சுட்டுத்தானே வெளிய விடுவீங்க? இதையும் உங்க கையால வெச்சுக் குடுங்க. எனக்குச் செய்ய வேற யாரு இருக்காங்க?"

லோகநாதன் பாட்டிலை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது இன்னாங்க மாப்ள, ஜூஸா?"

"ஒயின் மாமா. அர்னேஸ்னு ஒரு வெள்ளைத் திராட்சை."

கேமராவில் படம் காட்டினான். குலை குலையாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"வெள்ளைன்னு சொல்றீங்க, பச்சையா இல்ல கீது?"

"நல்லாப் பழுத்தா மஞ்சளாயிடும் மாமா."

பேர் வெள்ளை, காய் பச்சை, பழம் மஞ்சள். லோகநாதனுக்கு அங்கேயே தலை சுற்ற ஆரம்பித்துவிட்டது. ஜெயக்குமாரோ உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனான். இத்தாலியில் வடக்கே ஒரு மலைப்பக்கத்துப் பழமாம். அந்த ஊர்க்காரர்கள் பேச்சில் அந்தப் பேருக்கு 'அடங்காத பயல்' என்று அர்த்தமாம். சொன்ன பேச்சு கேட்காது, விளைச்சலும் கம்மி. அந்தக் காலத்தில் சிவப்புத் திராட்சை வரிசைகளுக்கு ஓரமாக இதை நட்டு வைப்பார்களாம், பறவைகள் இதைத் தின்றுவிட்டு அதை விட்டுவிடும் என்று.

"குருவிக்குப் போட்டதையா போயி நட்டீங்க?" என்றார் லோகநாதன்.

ஜெயக்குமார் சிரித்தான்.

"செரி, இத்தாலிப் பழம், ஆஸ்திரேலியா மண்ணு. இது எந்த ஊர்ச் சரக்குன்னு சொல்றது?"

"பெங்களூர்ப் பக்கத்து நூலு, சூரத்து ஜரிகை. அது எப்படி மாமா ஆரணிப் பட்டாச்சு?"

லோகநாதன் குளிக்கப் போய்விட்டார்.

வீட்டுக்காரி லீலா சமையலறையிலிருந்தே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "இந்தாங்க, அந்த பாட்டில என் பூஜை ரூம்ல வெச்சீங்க, நான் எங்கம்மா ஊட்டுக்குப் போயிடுவேன்." பாட்டில் பீரோவுக்குள் போனது. ரெண்டு நாள் பார்த்தாள் ஜெயப்ரியா. மூன்றாம் நாள் அப்பாவைத் தனியாகப் பிடித்தாள்.

"ஆப்பிள் ஆப்பிள்னு ஊரெல்லாம் சொல்லிகினு கீறியே, அது அவருக்குத் தெரியாதுன்னு நெனச்சியாப்பா? வெள்ளிக்கிழமைக்குள்ள நீ இத சாமிகிட்ட வெக்கல, நாங்க டிக்கெட்ட மாத்திகினு கெளம்பிடுவோம். அப்புறம் இந்த ஊட்டு வாசப்படிய அவரும் மிதிக்க மாட்டாரு, நானும் மிதிக்க மாட்டேன்."

சொன்னால் செய்கிறவள் அவள்.

வெள்ளிக்கிழமை காலையில் பாட்டிலை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு அம்மன் கோயிலுக்குப் போனார். "திராட்சை ரசம் சாமி, மாப்பிள்ளை தோட்டத்துது." குருக்கள் சந்தோஷமாக வாங்கினார். வாங்கியவர் சும்மா இருக்காமல் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு லேபிளைப் படித்தார். ஆல்கஹால் பதிமூன்று சதவீதம். "என்னய்யா லோகநாதா, எனக்கு வேலை போகணுமா?" என்று பாட்டிலைப் பைக்குள்ளேயே திரும்பப் போட்டுவிட்டார்.

சரி, அப்போது இது பழம் இல்லை, சாராயம். லோகநாதனுக்கு ஒரு பக்கம் நிம்மதிகூட வந்தது, ஒரு முடிவு தெரிந்துவிட்டதே! சாராயம் கேட்கிற சாமிக்கா பஞ்சம்? அவருடைய தறியில் நெய்கிற அன்பரசுவின் ஊர் கண்ணமங்கலத்துக்குப் பக்கத்தில். அங்கே காத்தவராயனுக்குச் சாராயமும் சுருட்டும்தான் படையல். பஸ் ஏறிவிட்டார்.

பூசாரி சடையன் மூடியைத் திருகி முகர்ந்தார். முகம் கோணியது. மூடியில் கொஞ்சம் ஊற்றித் தீக்குச்சியைக் கிழித்து வைத்தார். குச்சி அணைந்தது. இன்னொன்று கிழித்தார். அதுவும் அணைந்தது.

"பத்தலையே. நல்ல சாராயம்னா நீலமா எரியும். தண்ணியக் கலந்து குடுத்து எங்க சாமிய ஏமாத்தலாம்னு பாக்கறீங்களா?"

"இல்லீங்க, கோயில்ல இத சாராயம்னு சொல்லிட்டாங்க."

"அவங்களுக்கு இன்னா தெரியும் சாராயத்தப் பத்தி? இது பழத்தண்ணி. அங்கயே கொண்டுபோயி வையுங்க."

பஸ் நிறுத்தத்துப் புளியமரத்தடியில் உட்கார்ந்தார் லோகநாதன். அழுகை வராத குறை. ஒரு சாமி சாராயம் என்று துரத்துகிறது, இன்னொரு சாமி பழத்தண்ணி என்று துரத்துகிறது. பொழுது சாயப்போகிறது, மகள் கிளம்பிவிடுவாள். இது என்ன எழவுதான் என்று நாமாவது பார்த்துவிடுவோமே என்று ஒரு வாய் ஊற்றிக்கொண்டார். முதலில் பேரிக்காய் போல இருந்தது. விழுங்கினதும் பாதாம் தோல் கசப்பு. இனிப்பா? இல்லை. புளிப்பா? அதுவும் முழுசாக இல்லை. சந்தேகம் தீரவில்லை. இன்னொரு வாய். அப்புறம் இன்னொரு வாய். பஸ் வந்தது.

தெருமுனையிலேயே பக்கத்து வீட்டுப் பாலு மோப்பம் பிடித்துவிட்டார். பவர்லூம் தறி இரைச்சலில் பேசிப் பழகிய பாலுவுக்கு எப்போதும் குரல் பெரிசு. "இன்னாய்யா லோகநாதா, ஆடி வெள்ளியும் அதுவுமா? எப்பலேர்ந்து இந்தப் பழக்கம்?" நாலு வீட்டுக் கதவு திறந்தது. லீலா வாசலில் வந்து நின்று தலையில் கை வைத்துக்கொண்டாள். அவள் பின்னால் மகளும் மருமகனும்.

இருமல் மருந்து என்ற வார்த்தை லோகநாதனின் நாக்கு நுனிக்கு வந்தேவிட்டது. அப்போதுதான் ஜெயக்குமாரைப் பார்த்தார். பொய் வரும் என்று தெரிந்தவன் போல அவன் ஏற்கெனவே தலையைக் குனிந்திருந்தான்.

"எம் மருமவன் செஞ்ச ஒயினு," என்றார் தெருவுக்கே கேட்கும்படி. "அவன் கையால நட்ட திராட்சை. ஆப்பிளும் கெடையாது, ஒரு மண்ணாங்கட்டியும் கெடையாது. நான் சொன்னது பொய்யி. போதுமா?"

பாலு மெல்லத் தன் வீட்டுப் பக்கம் நகர்ந்தார். ஜெயக்குமார் இறங்கி வந்து பையை வாங்கினான்.

"சாமிகிட்ட வெச்சீங்களா மாமா?"

"எந்தச் சாமியும் வாங்கலப்பா. ஒரே பேஜாராப் போச்சு. நானே குடிச்சிட்டேன். குடிச்சும் ஒண்ணும் வெளங்கல." லோகநாதன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஆமா, காலைல எழுந்து அந்தக் கொடிகிட்டப் போயி நீ இன்னாதான் பண்ணுவ? மொதல்லேர்ந்து சொல்லு, கேக்கறேன்."

ஜெயக்குமார் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். "குளிர் காலத்துலதான் மாமா ஆரம்பம். விடியக்கருக்கல்ல கத்தரிய எடுத்துகினு..." என்று தொடங்கியவன் புறங்கையால் கண்ணைத் துடைத்தான். உதட்டைக் கடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தான்.

லீலா உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்துவிட்டு வந்த புருஷனைத் தாண்டிப் போய், மருமகன் கையில் கொடுத்தாள்.