செசிலிக்குத் தூக்கிய கைகள்

செஞ்சிக்கு வந்து இத்தனை காலமாகியும் ஒரு விஷயம் எனக்கு இன்னும் பழகவில்லை. நாங்கள் தையல் வேலை செய்யும் கிடங்குக்குள் காலையில் நுழைந்தவுடன் செசிலி யாரிடமாவது எதையாவது கேட்பாள். கொண்டை ஊசி, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு, தலைவலிக்கு ஒரு துண்டு சுக்கு, குழந்தையைத் துடைக்க ஒரு பழந்துணி. "யக்கா, சுண்ணாம்பு வெச்சிருக்கியா? காலையிலேருந்து வாயி நமநமன்னுது" என்று ஆரம்பிப்பாள். அவள் எங்கள் மாதர் தையல் கூட்டுறவுச் சங்கத்தின் தலைவி. மேற்பார்வைக்காரி தன் கீழே வேலை செய்கிறவளிடம் ஓர் ஊசிகூட வாங்கக் கூடாது, வாங்கினால் மறுநாள் அவள் சொல் எடுபடாது என்றுதான் ரங்கூன் பள்ளியில் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இங்கே, கேட்டு வாங்கிய சுண்ணாம்பு விரலில் காய்வதற்குள் செசிலி, "இன்னிக்கி காலர் எல்லாம் முடிச்சிடணும்டீ" என்பாள். முடிந்துவிடும். அதையே நான் சொன்னால், எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பார்கள்.

ரங்கூனுக்குத் திரும்பிப் போனவர்களும், போகலாமா வேண்டாமா என்று இங்கே பெட்டியைக் கட்டுவதும் பிரிப்பதுமாக இருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும். உங்களிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது? எனக்கு அவள்மேல் பொறாமை. எதற்கெல்லாம் என்று எண்ணிப் பார்த்தும் வைத்திருக்கிறேன். அவள் குரலுக்கு. அவள் தாமதமாக வந்தாலும் யாரும் குறை சொல்லாததற்கு. நேராக ஒரு தையல் போட வராதவள் நேரான தையல் எது என்று தீர்ப்புச் சொல்வதற்கு. ஒருத்தி அழுதால், "அழுவாத, மூக்கு பெரிசாயிடும்" என்று சொல்லிச் சிரிக்கவைத்துவிடுவதற்கு. இந்தப் பட்டியல் தினமும் நீள்கிறது.

எங்கள் பழைய ஊரில் நிலைமை வேறாக இருந்தது. தையல் இயந்திரக் கம்பெனி ஒன்று ரங்கூனில் நடத்திய பள்ளியில் வெட்டுவது, தைப்பது, இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டுவது மூன்றையும் கற்றேன். படிப்பு முடிந்ததும் புதிய மாணவிகளுக்கு என்னையே சொல்லிக்கொடுக்கச் சொன்னார்கள். பர்மியப் பெண்கள் என்னைச் சயாமா என்று அழைத்தார்கள். ஆசிரியை என்று பொருள். மீசை முளைக்காத பையனைக்கூட ஆசிரியன் என்றால் கும்பிடுகிற ஊர் அது. சயாமா ஊசியைத் தூக்கிக் காட்டினால் வரிசை முழுதும் மெஷின் மிதிக்கும் கால்கள் நிற்கும். தலைமை என்றால் அதுதான் என்று நினைத்திருந்தேன். மூத்தவர்கள் சான்றிதழ் கொடுப்பார்கள், இளையவர்கள் கீழ்ப்படிவார்கள்.

சண்டை வந்தது. குண்டு விழுந்த பிறகு அப்பா, அம்மா, அண்ணன், நான் நால்வரும் மற்றவர்களோடு காட்டுவழியில் நடந்தோம். அந்த நடையைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். நடந்த உங்களுக்கு நான் சொல்லவும் வேண்டாம். எங்கள் பங்குக்கு அது எடுத்துக்கொண்டது அப்பாவை. தாகம் பொறுக்காமல் ஓர் ஓடையில் கையால் அள்ளிக் குடித்தார். மறுநாள் வாந்திபேதி. அதற்கும் மறுநாள் நாங்கள் மூவராக நடந்தோம். அப்பா பிறந்த செஞ்சியை அப்பா இல்லாமல்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அன்றிலிருந்து கொதிக்காத தண்ணீர் என் தொண்டையில் இறங்குவதில்லை. வீட்டில் காய்ச்சி ஆறவைத்து, ஒரு புட்டியில் ஊற்றி, எங்கே போனாலும் எடுத்துப் போவேன்.

சண்டைக் காலத்தில் ஒரு கண்டிராக்டர் செஞ்சியில் மல்லாட்டை என்று இவர்கள் சொல்லும் வேர்க்கடலைக்கான பழைய கிடங்கு ஒன்றை வாடகைக்குப் பிடித்து, தையல் மெஷின்களைப் போட்டு, பட்டாளத்துச் சட்டைகள் தைக்க ஆரம்பித்தார். கிறிஸ்தவப் பெண்கள், துலுக்கப் பெண்கள், இந்துப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். எனக்கு அங்கே உடனே வேலை கிடைத்தது; ரங்கூன் என்பதே என் பெயராகவும் ஆனது. நூல் அறுந்தாலும் மெஷின் மக்கர் செய்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சண்டை முடிந்ததும் கண்டிராக்டர் போய்விட்டார். மெஷின்களை விடக்கூடாது என்று நாங்களே ஒரு சங்கமாகச் சேர்ந்தோம். ஆஸ்பத்திரிக்குப் படுக்கை விரிப்பு, பள்ளிக்கூடத்துக்குச் சட்டை என்று வேலையும் வந்தது. யார் வெட்டுவது, யார் காஜா எடுப்பது என்று ஒரு கரும்பலகையில் எழுதி மாட்டினேன். அதன் அடியில், 'கைகழுவவும். காய்ச்சிய நீர் குடிக்கவும்' என்றும் எழுதினேன். பலகையைச் சிலர் மரியாதையாகத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பிறகு செசிலியிடம் போய், "இப்ப இன்னாடி பண்றது?" என்று கேட்டார்கள்.

எனக்கு அது விளங்கவே இல்லை. அவர்களுக்கு நான் எவ்வளவோ செய்திருந்தேன். நூர்ஜகான் அக்காவின் வீட்டு மெஷினைச் சும்மாவே பழுது பார்த்துக் கொடுத்தேன். கன்னியம்மாவின் பெண்ணுக்கு வெட்டக் கற்றுக்கொடுத்தேன். யாரிடமும் எதையும் வாங்கியதில்லை. அகதி முகாமில் வரிசையில் நின்று கஞ்சி வாங்கிக் குடித்த கை இனி எவரிடமும் நீளக் கூடாது என்பது நான் எடுத்த முடிவு. மத்தியானத்தில் யாராவது மோர் நீட்டினால், பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தால், "வேண்டாங்க அக்கா, எங்கிட்ட இருக்கு" என்று சிரித்துக்கொண்டே புட்டியைக் காட்டுவேன். நல்ல பழக்கத்தைக் காட்டித் தருகிறேன் என்றும் நினைத்துக்கொள்வேன்.

சங்கத்துக்குத் தலைவி வேண்டும் என்று கூட்டுறவு இலாகாவிலிருந்து அதிகாரி வரும் நாள் குறித்தார்கள். அந்தச் சமயத்தில்தான் அண்ணன் ரங்கூனுக்குத் திரும்ப அனுமதி வாங்கியிருந்தான். என்னையும் கூப்பிட்டான். பள்ளி மறுபடி திறக்கப் போகிறது, உன் இடம் உனக்குக் கிடைக்கும் என்றான். அம்மாவோ இனி எந்தக் கப்பலிலும் ஏற மாட்டேன் என்றுவிட்டாள். நான் அண்ணனிடம் சொன்னது இதுதான்: "இங்கே தலைவி ஆனால் இருப்பேன். இல்லாவிட்டால் உன்னோடு வருகிறேன்." சொல்லும்போது எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. மெஷினைப் பிரிக்கத் தெரிந்தவள் அந்தக் கிடங்கில் நான் ஒருத்திதான்.

அதிகாரி மேசைக்கு முன்னால் நின்று, "நிர்வாகத் திறமையும் தொழில் பயிற்சியும் உள்ள ஒருவரைத் தேர்ந்தெடுங்கள்" என்றார்.

கன்னியம்மா எழுந்து, "அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது சார். யாரு வோணும்னு கேளு, கை தூக்குறோம்" என்றாள்.

அதிகாரி முதலில் என் பெயரைச் சொன்னார். ஒரு கைகூட எழவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அடுத்து செசிலியின் பெயர். ஒரு கையில் குழந்தை வைத்திருந்தவள்கூட மற்றக் கையைத் தூக்கினாள். செசிலி, "அய்யய்யோ, என்னையாடீ? எனக்குக் கையெழுத்தே கோணலா வரும்" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்கும் சிரித்தார்கள்.

அன்று சாயங்காலம் நூர்ஜகான் அக்காவோடு கடைத்தெரு வழியாக நடந்து வந்தேன். எனக்கு ஏன் ஒரு கையும் எழவில்லை என்று கேட்டேன்.

"உம்மேல யாருக்கும் கோவம் இல்லம்மா" என்றாள். "ஆனா எங்க பானையில ஒரு வாய் தண்ணி மொண்டு குடிக்காதவங்களுக்கு எப்படிக் கை தூக்குறது? நாங்க துலுக்கவங்க, அதான் தொடலன்னு நெனச்சிக்கிட்டேன். கன்னியம்மா இன்னா சொல்லுது தெரியுமா? அவ சாதிக்காகத்தான் நீ புட்டி தூக்கிக்கினு வர்றியாம். செசிலி உன்ன மாதிரியே வேதக்காரி, நீ போற கோயில்தான். அவ மோரைக்கூட நீ வாங்கல. ஏன்னு அவளும் ஒரு காரணம் வெச்சிருப்பா."

பர்மாவில் தெருவுக்குத் தெரு சின்ன மரத்தாங்கியில் மண்பானைகள் இருக்கும். யார் வீட்டுப் பானை என்று ஒருவரும் கேட்பதில்லை. போகிறவர் வருகிறவர் எல்லோரும் ஒரே குவளையில் குடிப்பார்கள். அந்தப் பானைகளில் குடித்து வளர்ந்தவள் நான். என்னையா இவர்கள் தீட்டுப் பார்க்கிறவள் என்று நினைத்தார்கள்? ஒரே புட்டியைப் பார்த்து ஒவ்வொருத்தியும் தன் தன் பழைய காயத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறாள். அந்த நடுத்தெருவில் நின்று ஓடையைப் பற்றியும் அப்பாவைப் பற்றியும் சொன்னேன். இந்த ஊரில் அதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. நூர்ஜகான் அக்கா முக்காட்டின் நுனியால் வாயை மூடிக்கொண்டு கேட்டாள். "இத்த மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா, பாவி" என்றாள்.

அவள் அன்றிரவே செசிலியிடம் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் செசிலி கிடங்கின் நடுவில் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஏய், கேளுங்கடீ. ரங்கூனோட நைனா பச்சத் தண்ணி குடிச்சித்தான் வழியில செத்திருக்காரு. நம்ம வூட்டுப் புள்ளைங்க பேதியில போவலியா? இனிமே இங்க தண்ணி காய்ச்சணும். வெறவு அவங்கவங்க ஒரு கை எடுத்துக்கினு வாங்க. வெறவு இல்லாதவ மல்லாட்டத் தோல் அள்ளிக்கினு வா." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ரங்கூனு, உங்கிட்ட பெரிய டேக்சா பாத்திரம் ஒண்ணு இருக்குதாமே, அத்தக் குடு. எத்தினி நேரம் கொதிக்கணும்? நீயே வந்து பாத்துச் சொல்லு."

எல்லோரும் கொண்டு வந்தார்கள். பலகையில் நான் எழுதி வைத்து எழுத்து மங்கிப்போன அதே வார்த்தை, அவள் வாயிலிருந்து வந்ததும் அடுப்பாக எரிந்தது. அதிகாரி அடுத்த முறை வந்தபோது, "இந்த யோசனை யாருடையது? மிகவும் நன்று" என்றார். "தலைவியம்மாவோடது" என்றார்கள். செசிலி, "நம்ம ரங்கூனு சொன்னது சார்" என்றாள். அதற்கும் அவளைத்தான் பாராட்டினார்கள், எவ்வளவு பெரிய மனசு என்று. அன்று என் பொறாமை ஒரு படி ஏறியது. என் அப்பாவின் சாவைக்கூட அவள் எடுத்து, எல்லோருக்கும் உபயோகமாக்கிவிட்டாள். எனக்கு அது வரவில்லை.

படித்தவள் அல்லவா, அவள் வித்தையைக் கற்றுவிடலாம் என்று நினைத்தேன். தினமும் ஒருத்தியிடம் ஒரு பொருள் கேட்பது என்று ஒழுங்கு வைத்துக்கொண்டேன். முதல்நாள் கன்னியம்மாவிடம் ஊசி கேட்டேன். அவள் என் மேசையைப் பார்த்தாள். ஊசி டப்பா திறந்தே கிடந்தது.

"இன்னாம்மே, டப்பாவே உங்கிட்டதான இருக்குது? எங்கிட்ட எத்தினி இருக்குதுன்னு கணக்குப் பாக்கிறியா?"

செசிலி வயிறு பிடித்துச் சிரித்தாள். "அவளுக்குக் கேக்கத் தெரியலடீ, வுட்டுடு" என்றாள். உண்மைதான். செசிலிக்குச் சுண்ணாம்பு வேண்டியிருக்கிறது, அதனால் கேட்கிறாள். கொடுத்தவளுக்கு அன்று முழுதும் செசிலியிடம் ஒரு பங்கு இருக்கிறது. எனக்கு எதுவுமே வேண்டாமல் இருக்கும்படி நான் என்னைப் பழக்கியிருந்தேன். அப்படிப்பட்டவளிடம் எவளுக்குப் பங்கு இருக்கும்? தலைமைப் பயிற்சி என்று ஊர் ஊராக இப்போது பேசுகிறார்கள். பேசுவது, கணக்கு எழுதுவது, கூட்டம் நடத்துவது எல்லாம் சொல்லித் தரலாம். வாங்கிக்கொள்ளும் கையை எப்படிச் சொல்லித் தருவது என்று தெரிந்தவர்கள் எனக்கு எழுதுங்கள்.

அண்ணன் புறப்படும் நாளும் வந்தது. திண்டிவனம் போகும் பஸ்ஸுக்கு முன்னால் கிடங்குக்கு வந்தான். "கடைசியாகக் கேட்கிறேன். நீதான் தலைவி ஆகவில்லையே, வா" என்றான்.

நான் வரவில்லை என்றேன். அம்மாவுக்காக என்று அவன் நினைத்திருப்பான். பாதி அதுதான். மறுபாதியை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். இப்போது போனால் செசிலியிடம் தோற்றவளாகத்தான் கப்பலேறுவேன். அங்கே எத்தனை பேர் சயாமா என்று அழைத்தாலும், இந்தக் கிடங்கு அவள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பதுதான் என் கண்ணில் நிற்கும். பொறாமைதான் என்னை இங்கே பிடித்து வைத்திருக்கிறது. இந்த ஊரில் எனக்கு ஊன்றிய வேர் வேறெதுவும் இப்போதைக்கு இல்லை.

வெயிலில் வந்த அண்ணன் தண்ணீர் கேட்டான். காய்ச்சின தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்று சிலர் முனகியதால் கிடங்கில் இப்போது இரண்டு பானைகள். கன்னியம்மா குவளையோடு நின்று, "ரங்கூன் தண்ணியா, நம்ம தண்ணியா?" என்று கேட்டாள். காய்ச்சிய தண்ணீர்ப் பானைக்கு அவர்கள் 'ரங்கூன் தண்ணி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்; பச்சைத் தண்ணீர் 'நம்ம தண்ணி'.

அண்ணன் சிரித்தான். "நம்ம தண்ணியே குடுங்க அக்கா" என்றான். நான் வேண்டாம் என்று எழுவதற்குள் அண்ணாந்து கடகடவென்று குடித்துவிட்டான். ரங்கூனுக்குப் போகிறவன், ஒரு நொடியும் யோசிக்காமல் 'நம்ம' என்று சொல்கிறான். இரண்டு ஊரும் அவன் கேட்டவுடன் அவனுக்குக் கிடைத்துவிடுகின்றன. அவன்மேலும் எனக்குப் பொறாமை வந்தது. கன்னியம்மாவுக்கு அவனைப் பிடித்துப்போய், பயணத்துக்கு மடி நிறைய வறுத்த மல்லாட்டை கட்டிக் கொடுத்தாள்.

பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனதும் உள்ளே வந்து என் பானையிலிருந்து மொண்டு குடித்தேன். அடுப்பில் மல்லாட்டைத் தோல் எரிந்த புகை வாசனை தண்ணீரில் நன்றாக ஏறியிருந்தது. ரங்கூனில் எந்தப் பானையிலும் நான் இந்த ருசியைக் குடித்ததில்லை.