நான் எழுதிக் கொடுத்த நாலு வரி

மகளுக்கு எட்டு மாதம் ஆனபோது மறுபடி வேலைக்குப் போனேன். ஓசூர் சிப்காட்டில், ஒரு கம்பெனியின் அலுவலகத்தில். குழந்தையைப் பார்த்துக்கொள்ள மாமியார் சிங்காரப்பேட்டையிலிருந்து வந்து எங்களோடு தங்கினார். அவருக்குச் சர்க்கரை உண்டு. கணவரின் இ.எஸ்.ஐ. அட்டையில் மாதாமாதம் மாத்திரை வாங்கிவிடுவோம்.

தெருமுனை மாடியில், மசாஜ் கட்டில் விற்கும் கம்பெனி ஒன்றின் ஹால் இருந்தது. அங்கே வரிசையாகக் கட்டில்கள். படுத்தால் முதுகுக்கடியில் சூடான கல் உருளைகள் மேலும் கீழும் ஓடும். இலவசம்தான். எந்த நோயானாலும் போய்விடும் என்றார்கள். அத்தை குழந்தையையும் தூக்கிக்கொண்டு தினமும் போனார். சூட்டு ஒத்தடம் மாதிரிதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

படுப்பதற்கு முன் யாராவது ஒருவர் மைக்கைப் பிடித்து, தமிழிலோ கன்னடத்திலோ தெலுங்கிலோ, தனக்கு என்ன குணமானது என்று சொல்லவேண்டும். எல்லோரும் கைதட்டுவார்கள். அது அந்த ஹாலின் வழக்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை ஒரு தாளை நீட்டினார்.

"கண்ணு, நான் சொல்லச் சொல்ல ஒரு நாலு வரி எழுதிக் குடு. போட்டோவோட செவுத்துல ஒட்டுவாங்களாம்."

"மைக்லயே பேசிடலாமே அத்தை?"

"பேசியாச்சும்மா. உங்க மாமனாரு கூட என்னை அத்தன நேரம் பேச உட்டதில்ல."

சிரித்துக்கொண்டே எழுத ஆரம்பித்தேன். கால் எரிச்சல் குறைந்தது. நன்றாகத் தூக்கம் வருகிறது. அடுத்து அவர் சொன்னார்: "ஒரு மாசமா சர்க்கர மாத்திரய நிறுத்திட்டேன், நல்லா இருக்கேன்."

கை நின்றுவிட்டது. "நிறுத்திட்டீங்களா?"

"எழுதறியா, இல்ல பக்கத்து வூட்டுப் பொண்ணுகிட்ட குடுக்கட்டுமா?"

எழுதினேன். பிழையில்லாமல், குண்டு குண்டாக. ஏன் எழுதினேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கணவரிடம் சொன்னபோது, "அம்மாவுக்கு ரெண்டு நாள்ல சலிச்சுரும், உடு" என்றார்.

அதன்பின் அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். பேச்சுக்கு நடுவில் கண் சொருகியது. இதையெல்லாம் நானாகக் கற்பித்துக்கொள்கிறேனோ என்றும் தோன்றியது. அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தாலும் காது வீட்டில்தான் இருந்தது.

ஒரு நாள் பதினொரு மணிக்கு வீட்டுக்குப் போன் செய்தேன். யாரும் எடுக்கவில்லை. நாலு தடவை. பெர்மிஷன் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன். படியேறும்போதே குழந்தை வீறிடுவது கேட்டது. எதிர் வீட்டுக் கன்னடக்கார அம்மா கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"எஷ்டு நேரமா கூப்புடறேன், அஜ்ஜி எழுந்திரிக்கவே இல்ல."

உள்தாழ்ப்பாள். இருவருமாகக் கதவை இடித்தோம். கடைசியில் அத்தை சுவரைப் பிடித்தபடி வந்து திறந்தார். கொஞ்சம் அசந்துட்டேன் என்றார். குழந்தை குளியலறை வாசலில், நிரம்பிய பக்கெட்டின் விளிம்பைப் பிடித்து நின்றுகொண்டிருந்தது. சட்டை கழுத்துவரை ஈரம்.

"நாளைக்கு ரத்தம் டெஸ்ட் பண்ணியாகணும் அத்தை. மாட்டேன்னா நான் வேலைய விட்டுடறேன். பாப்பாவ உங்ககிட்ட விடமாட்டேன்." அவரிடம் அப்படி ஒருபோதும் பேசியதில்லை.

குழந்தையின் ஈரச்சட்டையைக் கழற்றிக்கொண்டே அத்தை சொன்னார்: "வர்றேன். ஹால்ல மட்டும் யாருகிட்டயும் சொல்லாத. அத்தன பேரும் கைதட்டுனாங்க."

சரி என்றேன்.

சர்க்கரை ஏகத்துக்கும் ஏறியிருந்தது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் ஆபத்தாகியிருக்கும் என்று டாக்டர் கடிந்துகொண்டார். அத்தை மறுபடி மாத்திரை போட ஆரம்பித்தார். ஹாலுக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். கேட்டவர்களிடம் பாப்பாவுக்குச் சளி என்றார்.

பத்து நாள் கழித்து, காய்கறிக் கடையில் ஒரு பெண்மணி என்னை நிறுத்தினார்.

"உங்க அத்தை எங்கம்மா, ஆளையே காணோம்? ஹால் செவுத்துல அவங்க எழுதுனதப் படிச்சுட்டுத்தான் நானும் மாத்திரய விட்டேன்."

கொடுத்த வாக்கை மீறினேன். நடந்தது முழுவதையும் அங்கேயே சொன்னேன்.

அவர் கேட்டு முடித்துவிட்டுச் சிரித்தார். "மருமகதான நீ, வேற எப்பிடிச் சொல்லுவ?" கீரைக்கட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஹால் இருக்கும் பக்கம் நடந்தார்.